நீரோடு அடைபட்ட காற்று



பழைய வேன் ஒன்றை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்வதும், பகலில் காய்கறி கொண்டுவந்து விற்பதும், கல்யாணம், காரியம் என்றால் உற்றார் உறவினரை அழைத்துக்கொண்டு போவதும் அந்த ஒரு வண்டிதான். அப்படிப்பட்ட வண்டி மேட்டில் ஏறும்போது ஆவியைக் கக்கிக்கொண்டு நின்றுவிட்டால் குடும்பத்தின் அன்றைய வருமானமும் அதோடு நின்றுவிடுகிறது. எஞ்சினின் தலைப்பகுதி வளைந்துவிட்டதென்றால், பல மாதச் சேமிப்பும் பட்டறைக்குப் போய்விடுகிறது. அப்பொழுது ஓட்டுநர், “நேற்றுதானே தண்ணீர் நிரம்ப ஊற்றினேன் அண்ணே, பிறகு ஏன் கொதிக்கிறது?” என்று கேட்பார்.

நியாயமான கேள்விதான். அதற்குப் பல விடைகள் இருக்கலாம். அவற்றுள் பலரும் நினைத்துப் பார்க்காத விடை ஒன்று உண்டு. ஊற்றிய நீரோடு காற்றும் உள்ளே அடைபட்டுவிட்டது என்பதே அந்த விடை. கண்ணுக்குத் தெரியாத இந்தக் காற்று எஞ்சினைக் குளிர்விக்கும் நீரின் பாதையை மறித்துக்கொண்டு நிற்கிறது.

இந்தத் தொல்லை எப்படி வந்தது? மோட்டார் வண்டி பிறந்த நாளிலேயே இது இருக்கவில்லை. எஞ்சினைக் குளிர்விக்க மனிதன் செய்த ஒவ்வொரு முன்னேற்றமும், காற்று தானாக வெளியேறும் வழியைச் சிறிது சிறிதாக அடைத்தது. கடைசியில், அந்த வழியை மனிதனே தன் கையால் திறந்துவிட வேண்டிய நிலை ஏற்பட்டது. நூறாண்டுகளுக்கு மேற்பட்ட அந்த வரலாற்றை இன்று சுருக்கமாகக் காண்போம்.

முதலில், எஞ்சினுக்குக் குளிர்ச்சி ஏன் வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்வோம். எஞ்சினுக்குள்ளே பெட்ரோலோ டீசலோ எரியும்போது, தீயின் வெப்பம் 2,000 பாகை செல்சியசையும் தாண்டுகிறது. எஞ்சினின் தலைப்பகுதியைச் செய்யப் பயன்படும் அலுமினியமோ 660 பாகையில் உருகிவிடும். எரிபொருள் தரும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானதே பழைய பெட்ரோல் வண்டியின் சக்கரத்தைச் சுழற்றப் பயன்பட்டது. எஞ்சியது வெப்பமாகவே வெளியேற வேண்டும். ஒரு பகுதி புகைக்குழாய் வழியே போய்விடும். மற்றொரு பகுதியை யாராவது சுமந்து சென்று வெளியே கொட்டியாக வேண்டும். அந்தச் சுமை தூக்கும் வேலையைத்தான் நீர் செய்கிறது.

நீரை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? வெப்பத்தைச் சுமப்பதில் நீருக்கு நிகரான பொருள்கள் மிகச் சிலவே. ஒரு லிட்டர் நீரையும் ஒரு லிட்டர் காற்றையும் ஒரே அளவு சூடேற்றினால், நீர் சுமக்கும் வெப்பம் காற்று சுமப்பதைப்போல் 3,000 மடங்குக்கும் அதிகம். இந்தக் கணக்கை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். நீர் இருக்க வேண்டிய இடத்தில் காற்று இருந்தால் என்ன கேடு விளையும் என்பது இதிலிருந்தே விளங்கும்.

இனி வரலாற்றுக்கு வருவோம். ஜெர்மனி நாட்டைச் சேர்ந்த கார்ல் பென்ஸ் என்பவர் தம்முடைய மூன்று சக்கர மோட்டார் வண்டிக்கு 1886ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் நாள் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அந்த வண்டியில் இக்காலத்து ரேடியேட்டர் இல்லை. எஞ்சினைச் சுற்றி நீர் இருந்தது. எஞ்சின் சூடானதும் நீர் கொதித்து ஆவியாகி வெளியே போய்விடும். அடுப்பில் வைத்த உலைப்பானையைப் போன்ற ஏற்பாடுதான். ஆவி போகப்போக, நீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

1888ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் கார்ல் பென்சின் மனைவியார் பெர்த்தா பென்ஸ் தம் இரு மகன்களையும் அழைத்துக்கொண்டு, மன்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ஸ்ஹைம் நகருக்கு அந்த வண்டியை ஓட்டிச் சென்றார். 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பயணம் அது. உலகில் மோட்டார் வண்டியில் நெடுந்தூரம் சென்ற முதல் பயணம் என்று அதைச் சொல்வார்கள். வழியில் நீர் கிடைத்த இடங்களிலெல்லாம் நிறுத்தி, எஞ்சினுக்கு ஊற்றிக்கொண்டே போக வேண்டியிருந்தது. தொல்லைதான். ஆனாலும் அந்த வண்டியில் காற்று அடைபடும் தொல்லை இருக்கவில்லை. வாய் திறந்த பானையில் காற்று எங்கே அடைபடும்? மேலே வந்து தானே போய்விடும்.

ஆவியாகிப் போகும் நீரைப் போகவிடாமல், ஆறவைத்து மீண்டும் பயன்படுத்த வேண்டும் என்ற எண்ணம் அடுத்துத் தோன்றிற்று. ஜெர்மனியின் டைம்லர் நிறுவனத்தில் பணியாற்றிய வில்ஹெல்ம் மைபாக் என்ற பொறியாளர் 1897ஆம் ஆண்டில் சிறு குழாய்கள் பல கொண்ட ரேடியேட்டரை உருவாக்கினார். பிறகு 1900ஆம் ஆண்டில் தேன்கூட்டைப் போன்ற அமைப்புள்ள ரேடியேட்டரைச் செய்தார். அதில் 8,070 சிறு குழாய்கள் இருந்தன. ஒவ்வொன்றும் 6 மில்லிமீட்டர் அகலமும் 6 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட சதுரக் குழாய். குழாய்களுக்குள்ளே காற்று வீச, அவற்றின் வெளிப்புறத்தை ஒட்டி நீர் ஓடியது. இதனால் 35 குதிரைத்திறன் கொண்ட மெர்சிடிஸ் வண்டிக்கு ஏறக்குறைய 9 லிட்டர் நீரே போதுமானதாயிற்று. 1901ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பிரான்சு நாட்டின் நீஸ் நகரில் நடந்த போட்டிகளில் அந்த வண்டி பெரும்புகழ் பெற்றது. இன்று நம் வண்டிகளின் முன்புறத்தில் இருக்கும் ரேடியேட்டர் இந்த வழியில் வந்ததே.

ரேடியேட்டர் கிடைத்துவிட்டது. எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே நீரைச் சுற்றி வரச் செய்வது எப்படி? தொடக்கக் காலத்தில் பலர் இயற்கையையே துணைக்கு அழைத்தனர். சூடான நீர் எடை குறைந்து மேலே எழும். ஆறிய நீர் எடை கூடிக் கீழே இறங்கும். எஞ்சினில் சூடேறிய நீர் மேற்குழாய் வழியே ரேடியேட்டரின் உச்சிக்குப் போகும். அங்கே ஆறிக் கீழே இறங்கி, கீழ்க்குழாய் வழியே எஞ்சினுக்குத் திரும்பும். இதனைத் தெர்மோசைஃபன் முறை என்பர். இதற்குப் பம்பு தேவையில்லை.

ஹென்றி ஃபோர்டின் புகழ்பெற்ற டி-மாடல் கார் 1908ஆம் ஆண்டில் வெளிவந்தது. முதலில் செய்த சுமார் 2,500 கார்களில் தண்ணீர் பம்பு இருந்தது. பிறகு அதை நீக்கிவிட்டுத் தெர்மோசைஃபன் முறையையே கையாண்டனர். 1927ஆம் ஆண்டு வரையில் ஒன்றரைக் கோடிக்கும் அதிகமான டி-மாடல் கார்கள் செய்யப்பட்டன. ஏழை விவசாயியும் ஓட்டக்கூடிய எளிய கார் அது.

இந்த இடத்தில் நம் மக்களுக்கும் இந்த வரலாற்றுக்கும் ஒரு தொடர்பு உண்டு. இந்தக் கார்கள் பெருகப்பெருக, சக்கரங்களுக்கு ரப்பர் வேண்டியிருந்தது. மலாயாவில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகியதும், தமிழ்நாட்டிலிருந்து நம் முன்னோர் கப்பலேறி வந்து பால்மரம் சீவியதும் அந்தத் தேவையோடு பிணைந்தவை. எஞ்சினையும் ரேடியேட்டரையும் இணைத்த குழாய்களும் அக்காலத்தில் இயற்கை ரப்பரால் ஆனவையே. இன்றைய குழாய்கள் பெரும்பாலும் செயற்கை ரப்பரால் செய்யப்படுகின்றன.

தெர்மோசைஃபன் முறையில் ஒரு நல்ல குணம் இருந்தது. சூடான நீர் போகும் பாதை முழுவதும் மேல்நோக்கியே இருந்தது. காற்றுக் குமிழி ஒன்று எங்கேனும் இருந்தாலும், அது நீரோடு சேர்ந்து மேலேறி ரேடியேட்டரின் உச்சிக்கு வந்து, மூடியின் வழியே வெளியே போய்விடும். நீர் செல்லும் வழியும் காற்று செல்லும் வழியும் ஒன்றாகவே இருந்தன. ஆனால் குறைகளும் இருந்தன. நீர் மெதுவாகவே சுற்றியது. மேற்குழாய்க்குக் கீழே நீர்மட்டம் இறங்கிவிட்டால் ஓட்டம் அறுந்துபோகும். ரேடியேட்டரும் உயரமாக, எஞ்சினுக்கு அருகிலேயே இருந்தாக வேண்டும். எஞ்சின்களின் வலிமை பெருகியபோது இந்த மெதுவான ஓட்டம் போதவில்லை.

ஆகவே மூன்று மாற்றங்கள் படிப்படியாக வந்தன.

முதலாவது, தண்ணீர் பம்பு. எஞ்சினே பெல்ட்டின் மூலம் பம்பைச் சுழற்றும். பம்பு நீரை வேகமாகத் தள்ளும். இனி ரேடியேட்டர் உயரமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எந்த வளைவிலும் எந்தப் பள்ளத்திலும் நீரைச் செலுத்தலாம்.

இரண்டாவது, தெர்மோஸ்டாட் எனப்படும் கதவு. எஞ்சின் மிகவும் குளிர்ந்திருப்பதும் நல்லதன்று. ஆகவே எஞ்சின் தக்க சூட்டை அடையும்வரையில் ரேடியேட்டருக்குப் போகும் பாதையை இது மூடி வைத்திருக்கும். 1930ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் செர்ஜியஸ் வெர்னே என்பவர், மெழுகு உருகிப் பருக்கும் தன்மையைக் கொண்டு இயங்கும் தெர்மோஸ்டாட்டை உருவாக்கினார். இன்றளவும் பெரும்பாலான வண்டிகளில் இருப்பது அவ்வகையே.

மூன்றாவது, அழுத்தம் தாங்கும் மூடி. கடல்மட்டத்தில் நீர் 100 பாகையில் கொதிக்கிறது. கேமரன் மலையைப்போல் 1,500 மீட்டர் உயரத்தில் ஏறக்குறைய 95 பாகையிலேயே கொதித்துவிடும். மலையேறும் வண்டி, எஞ்சின் கடுமையாக உழைக்கும் நேரத்தில், எளிதில் கொதிக்கும் நீரையும் சுமந்து செல்கிறது. மூடியை இறுக்கி, உள்ளே அழுத்தத்தைக் கூட்டினால் இந்த நிலை மாறும். காற்றுமண்டல அழுத்தத்துக்கு மேல் இன்னும் ஒரு மடங்கு அழுத்தம் கூடினால், நீர் 120 பாகையில்தான் கொதிக்கும். வீட்டில் பிரஷர் குக்கர் வைத்திருக்கும் தாய்மார்களுக்கு இது நன்றாகவே விளங்கும். இத்தகைய மூடி, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஆண்டுகளில் பரவலாயிற்று.

இந்த மூன்றும் நல்ல மாற்றங்களே. ஆனால் இவை சேர்ந்து செய்த மற்றொரு காரியத்தையும் கவனிப்போம். பம்பு வந்ததால் நீர்ப்பாதை மேலும் கீழும் வளைந்தது. தெர்மோஸ்டாட் வந்ததால் பாதையின் நடுவே கதவு அமைந்தது. இறுக்கமான மூடி வந்ததால் வாயும் அடைபட்டது. உள்ளே புகுந்த காற்று தானாக மேலே வந்து போகும் காலம் முடிந்தது.

இந்த உண்மையைத் தெளிவாகக் காட்டும் ஒரு வண்டி உண்டு. அது ஜெர்மனியின் ஃபோக்ஸ்வேகன் வேன்.

1947ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் பென் போன் என்ற டச்சு வணிகர், பெட்டி போன்ற ஒரு வண்டியின் படத்தைத் தம் குறிப்பேட்டில் வரைந்தார். அந்த எண்ணம் வளர்ந்து, 1950ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வோல்ஃப்ஸ்பர்க் நகரில் வேன் உற்பத்தியாகத் தொடங்கிற்று. 1956ஆம் ஆண்டில் உற்பத்தி ஹனோவர் நகருக்கு மாறியது. அதன் எஞ்சின் பின்புறத்தில் இருந்தது. அந்த எஞ்சினுக்கு ரேடியேட்டரும் இல்லை, தண்ணீரும் இல்லை. பெரிய விசிறி ஒன்று வீசும் காற்றாலேயே எஞ்சின் குளிர்ந்தது. நீர் உறைந்துபோகும் என்ற கவலையோ, குழாய் ஒழுகும் என்ற கவலையோ அதற்கு இல்லை.

முப்பது ஆண்டுகள் அந்த முறை நன்றாகவே உழைத்தது. ஆனால் புகையைக் குறைக்க வேண்டும் என்ற சட்டங்கள் பல நாடுகளில் கடுமையாகின. சத்தம் குறைய வேண்டும், குளிர்நாடுகளில் வண்டிக்குள்ளே நல்ல வெப்பம் வேண்டும் என்ற தேவைகளும் எழுந்தன. இவற்றுக்கு நீரால் குளிரும் எஞ்சினே ஏற்றது. 1979ஆம் ஆண்டில் மூன்றாம் தலைமுறை வேன் வெளிவந்தபோதும் காற்றால் குளிரும் எஞ்சினே இருந்தது. 1981ஆம் ஆண்டில் நீரால் குளிரும் டீசல் எஞ்சின் வந்தது. 1982ஆம் ஆண்டின் பிற்பகுதியில் 1.9 லிட்டர் பெட்ரோல் எஞ்சினும் நீருக்கு மாறியது. அந்த வேன்களின் முகப்பில், மேலே ஒரு கம்பியழியும் கீழே மற்றொரு கம்பியழியும் இருக்கும். கீழே உள்ளதன் பின்னால்தான் புதிய ரேடியேட்டர் அமைந்திருந்தது.

எஞ்சின் இருப்பதோ பின்புறம். காற்று நன்றாக வீசும் இடம் முன்புறம். ஆகவே ரேடியேட்டரை முன்னால் வைத்து, வண்டியின் அடிவயிற்றில் இரண்டு நீண்ட குழாய்களை ஓடவிட்டார்கள். சூடான நீர் பின்னாலிருந்து முன்னால் போக ஒரு குழாய்; ஆறிய நீர் திரும்பி வர மற்றொரு குழாய். இந்தப் பாதை முழுவதையும் நிரப்ப 16 லிட்டருக்கும் அதிகமான நீர் வேண்டும். மைபாக்கின் 1900ஆம் ஆண்டு வண்டிக்கு 9 லிட்டர் போதுமாயிருந்ததை நினைத்துப் பாருங்கள்.

நீர் ஊற்றும் தொட்டி வண்டியின் பின்னால். ரேடியேட்டர் முன்னால். நடுவே, கீழே இறங்கி மீண்டும் மேலே ஏறும் குழாய்கள். போதாக்குறைக்கு, வண்டிக்குள்ளே வெப்பம் தரும் ஹீட்டருக்கும் கிளைக் குழாய்கள். பின்னால் ஊற்றிய நீர் கீழே இறங்கி முன்னால் வந்து ரேடியேட்டருக்குள் ஏறும்போது, அங்கே இருந்த காற்று எங்கே போகும்? போக வழியில்லை. ரேடியேட்டரின் உச்சியில் ஒதுங்கி நின்றுவிடும்.

நம் வீட்டிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய் ஒன்றை எடுத்து, நடுவே மேடுபோல் வளைத்து, ஒரு முனையில் மெல்லத் தண்ணீர் ஊற்றுங்கள். மேட்டில் காற்று தங்கினால், நீரின் ஓட்டம் குறைந்துவிடும். சில வேளைகளில் நின்றே போகும். மேட்டின் உச்சியில் ஊசியால் ஒரு துளையிட்டால், காற்று சீறிக்கொண்டு வெளியேறி, நீர் ஓடத் தொடங்கும். குன்றின் மேல் தொட்டி கட்டி, குழாய் வழியே வீடுகளுக்குத் தண்ணீர் கொண்டுவரும் இடங்களிலும் இதே தொல்லை உண்டு. வண்டிக்குள் நடப்பதும் இதுவே.

அடைபட்ட காற்று எஞ்சினுக்குச் செய்யும் தீங்குகள் யாவை?

தண்ணீர் பம்பின் இலைகள் நீரைத் தள்ளுவதற்கென்றே செய்யப்பட்டவை. காற்று அங்கே சேர்ந்துவிட்டால், பம்பு சுற்றிக்கொண்டே இருந்தாலும் நீர் நகராது. தெர்மோஸ்டாட்டைச் சூடான நீர் தொட்டால்தான் அதன் மெழுகு உருகும். அதைச் சுற்றிக் காற்று இருந்தால், கதவு உரிய நேரத்தில் திறக்காது. எஞ்சினுக்குள்ளே காற்று தங்கிய இடத்தில் உலோகம் நீரின் துணையின்றித் தனியே காய்ந்து போகிறது. அலுமினியத் தலைப்பகுதி வளைவதற்கும், அதன் கீழுள்ள கேஸ்கட் கெடுவதற்கும் அது காரணமாகிறது.

இவை எல்லாவற்றையும்விட ஏமாற்றமானது ஒன்று உண்டு. வெப்பத்தைக் காட்டும் முள் சில வேளைகளில் பொய் சொல்லும். அந்த முள்ளுக்குச் செய்தி அனுப்பும் உறுப்பு நீரில் நனைந்திருக்க வேண்டும். அது காற்றில் நின்றால், எஞ்சின் காய்ந்துகொண்டிருக்கும்போதும் முள் அமைதியாக இருக்கலாம். ஓட்டுநர் முள்ளை நம்பி ஓட்டுவார். முள் திடீரென்று ஏறுவதும் இறங்குவதும், நீர் நிரம்பியிருந்தும் ஹீட்டரில் குளிர்ந்த காற்று வருவதும், தொட்டியில் நீர்மட்டம் காரணமின்றி மாறுவதும் காற்று அடைபட்டதற்கு அடையாளங்கள்.

அந்த வேனைச் செய்தவர்கள் இதை அறிந்தேயிருந்தார்கள். ஆகவே ரேடியேட்டரின் உச்சியில் ஒரு சிறு திருகாணியை வைத்தார்கள். மேலே உள்ள கம்பியழியைக் கழற்றினால் அந்தத் திருகாணி தென்படும். காற்று போவதற்கென்றே அமைந்த வாசல் அது.

அந்த வாசலைத் திறக்கும் முறையைச் சொல்வதற்கு முன்னால், ஓர் எச்சரிக்கையைச் சொல்லிவிடுகிறோம். எஞ்சின் சூடாக இருக்கும்போது மூடியை ஒருபோதும் திறக்கலாகாது. உள்ளே 110 பாகைச் சூட்டில் அழுத்தத்தால் அடங்கியிருக்கும் நீர், மூடி திறந்த கணமே கொதித்துப் பீறிட்டு அடிக்கும். முகமும் கையும் வெந்துபோகும். வண்டி வழியில் நின்றுவிட்டால், பிள்ளைகளை இறக்கி நிழலில் அமர்த்துங்கள். எஞ்சின் முற்றாக ஆறும்வரை காத்திருங்கள். பயணம் தாமதமாவதால் யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை.

இனி முறையைப் பார்ப்போம். எஞ்சின் ஆறிய பின்பே வேலையைத் தொடங்க வேண்டும். வேனின் முன்பக்கத்தை உயர்த்தி நிறுத்துவார்கள். குழாய்களில் தங்கிய காற்று ரேடியேட்டரை நோக்கி மேலேற அது உதவுகிறது. வெறும் ஜாக்கியை நம்பாமல், உறுதியான முட்டுக் கொடுத்து, பின் சக்கரங்களுக்குக் கட்டை வைக்க வேண்டும். ஹீட்டரின் பிடியை முழுவதும் திறந்து வைப்பார்கள். இல்லையேல் ஹீட்டருக்குள் இருக்கும் காற்று அங்கேயே தங்கிவிடும். பிறகு ரேடியேட்டர் உச்சியின் திருகாணியைத் தளர்த்திவிட்டு, பின்னால் உள்ள தொட்டியில் மெல்ல ஊற்றுவார்கள். எஞ்சினை இயக்கி, நிமிடத்துக்கு 2,000 சுற்று அளவில் வைத்து, தொட்டியில் குறையக்குறைய ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். இதற்கு ஒருவர் முன்னாலும் ஒருவர் பின்னாலுமாக இருவர் வேண்டும்.

முன்னால் நிற்பவர் திருகாணியைக் கவனிப்பார். முதலில் ‘உஸ்’ என்று காற்று வரும். பிறகு நுரையும் குமிழியுமாக நீர் வரும். கடைசியில் குமிழியே இல்லாமல் நீர் சீராக வரும். அப்பொழுது திருகாணியை இறுக்கி, தொட்டியின் மூடியையும் மூடுவார்கள். எஞ்சினை ஓடவிட்டு, தெர்மோஸ்டாட் திறக்கும் சூடு வந்ததும் நிறுத்தி, முழுவதும் ஆறிய பின் நீர்மட்டத்தை மறுபடி பார்ப்பார்கள். பெரும்பாலும் மட்டம் சற்று இறங்கியிருக்கும். மறைந்திருந்த காற்று வெளியேறி, அந்த இடத்தை நீர் பிடித்துக்கொண்டது என்று பொருள். தேவையானால் மீண்டும் ஒருமுறை இவ்வாறே செய்வார்கள்.

இது அந்த வேனுக்குரிய முறை. மற்ற வண்டிகளில் திருகாணி வேறு இடத்தில் இருக்கும். சிலவற்றில் தெர்மோஸ்டாட் கூட்டின் மேலும், சிலவற்றில் ஹீட்டர் குழாயின் மேலும் இருக்கும். சிலவற்றில் திருகாணியே இராது. எந்த வண்டியானாலும் விதி ஒன்றுதான். காற்று மேலேதான் போகும். ஆகவே பாதையின் மிக உயர்ந்த இடம் எது என்று தேடி, அங்கே அதற்கு வழிவிட வேண்டும். இந்த விதியைத் தெரிந்துகொண்டவர், பட்டறைக்காரர் செய்யும் வேலையைப் பார்த்தே அது முழுமையானதா என்று கேட்டறிய முடியும்.

எத்தனை முறை வெளியேற்றியும் குமிழி நிற்கவில்லை என்றால் என்ன செய்வது? அது ஊற்றும்போது புகுந்த காற்று அன்று என்று அறிய வேண்டும். மூடி பழுதாகியிருந்தாலோ, குழாய் வெடித்திருந்தாலோ, எஞ்சின் ஆறும்போது வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். தலைப்பகுதியின் கேஸ்கட் கெட்டிருந்தால், எஞ்சினுக்குள் எரியும் வாயுவே நீருக்குள் கசிந்து குமிழியாக வரும். அப்பொழுது திருகாணியைத் திறப்பதில் பயனில்லை. வண்டியை ஓட்டாமல் பட்டறையில் காட்டுவதே சிக்கனம்.

ஊற்றும் நீரைப் பற்றியும் ஒரு சொல். நம் நாட்டில் நீர் உறைவதில்லை. ஆகவே பச்சைத் தண்ணீரே போதும் என்று பலர் எண்ணுகின்றனர். கூலன்ட் எனப்படும் கலவைநீர் உறையாமல் காப்பதோடு, துருவையும் தடுக்கிறது. கொதிநிலையையும் சில பாகைகள் உயர்த்துகிறது. அலுமினியத் தலை கொண்ட எஞ்சினுக்கு அதற்கென்று குறித்த வகையையே ஊற்ற வேண்டும். ஆனால் கூலன்ட்டில் பெரும்பாலும் கலந்துள்ள எத்திலீன் கிளைக்கால் நஞ்சு. அது இனிப்பாக இருக்கும். ஆகவே வடித்த நீரைத் திறந்த வாளியில் விட்டுவைக்காமல், பிள்ளைகளும் நாய்களும் அண்டாதவாறு மூடி அப்புறப்படுத்துங்கள். குடிநீர்ப் புட்டியில் ஊற்றி வைப்பது பேராபத்து.

ஃபோக்ஸ்வேகன் வேனின் கதையை முடித்துவிடுவோம். அந்த மூன்றாம் தலைமுறை வேனின் உற்பத்தி தென்னாப்பிரிக்காவில் 2002ஆம் ஆண்டு வரையில் நடந்தது. பிரேசில் நாட்டில் அதற்கும் முந்திய வடிவத்தைத் தொடர்ந்து செய்துவந்தார்கள். அங்கே 2005ஆம் ஆண்டின் இறுதி வரை காற்றால் குளிரும் எஞ்சின் நீடித்தது. பிறகு அந்த வேனும் நீருக்கு மாறி, 2013ஆம் ஆண்டின் இறுதியில் உற்பத்தி நின்றது. இன்றைய புதிய வண்டிகள் பலவற்றில் காற்றைத் தொட்டிக்குத் திருப்பிவிடும் மெல்லிய குழாய்கள் உண்டு. பட்டறைகளில், முதலில் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுப் பிறகு நீரை நிரப்பும் கருவிகளும் வந்துவிட்டன. மின்சாரத்தால் ஓடும் கார்கள் பலவற்றிலும் பேட்டரியைக் குளிர்விக்க நீர்க்கலவை ஓடுகிறது. அங்கேயும் காற்றை வெளியேற்றியே ஆக வேண்டும்.

பெர்த்தா பென்ஸ் வழியெல்லாம் நீர் ஊற்றினார். நம் தலைமுறையோ நீரைப் பூட்டி வைத்து, காற்றுக்கு வழிவிட மறந்தால் அவதிப்படுகிறது. ஒரு சிறு திருகாணி. அதைத் திறந்து மூடப் பொறுமையோடு அரைமணி நேரம். இவ்வளவையும் பிள்ளைகளுக்கும் அருகில் நிறுத்திக் காட்டிச் செய்தால், குடும்பத்தைச் சுமக்கும் வண்டி இன்னும் பல ஆண்டு உழைக்கும். நம் வீட்டில் ஒரு விஞ்ஞானப் பாடமும் நடக்கும்.